பாதி மதிப்புக்குக் கையெழுத்து

ஏப்ரலில் பனி உருகத் தொடங்கினால் எங்கள் வீட்டுக் குளியலறைத் துளை குமுறும். நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை மண் வாங்க மறுக்கும். நியூயார்க் மாநிலத்தின் பிங்கர் லேக்ஸ் பகுதியில், ஓர் ஏரிக்கரையில் குடியிருக்கிறோம். கோடையில் வந்து தங்குவதற்கென்று கட்டிய மரவீடுகள் பல இப்போது ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீடுகளாகிவிட்டன; தொட்டிகள் மட்டும் பழையவை. ஓர் ஆகஸ்டில் ஏரி நீலப்பச்சைப் பாசி படர்ந்து, யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல் கிடந்தது. அன்று நாலைந்து பேர் கூடி, கழிவுநீர்க் குழாய் கேட்பது என்று முடிவு செய்தோம். இரண்டு வருட வேலை என்று நினைத்தோம். ஆறு வருடம் ஆனது.

குழாயால் பயன்பெறும் நிலங்களை மட்டும் எல்லை போட்டு வளைத்து, செலவையும் அந்த எல்லைக்குள்ளேயே வசூலிப்பார்கள். அந்த வளையத்துக்குப் பெயர் 'சூவர் டிஸ்ட்ரிக்ட்'. புது மாவட்டம் அமைக்க அலைகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, "அப்படியானால் கலெக்டர் யார்?" என்று கேட்டார் அம்மா.

நியூயார்க் மாநிலத்தின் 'டவுன்' சட்டத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஊரை நிர்வகிக்கும் மன்றமான டவுன் போர்டு தானே முன்வந்து தொடங்கலாம். அதை எதிர்ப்பவர்கள் 30 நாட்களுக்குள் மனு கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இல்லையென்றால் நில உரிமையாளர்களே மனுவோடு போகலாம். எங்கள் போர்டுக்கு அது தேர்தல் வருடம். "நீங்களே மனுவோடு வாருங்களேன்" என்றார்கள், மிகவும் அன்பாக.

மனுவில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. எல்லைக்குள் இருக்கும் வரிக்குரிய சொத்துகளின் மொத்த மதிப்பில் குறைந்தது பாதியை வைத்திருப்பவர்கள் கையெழுத்திட வேண்டும். தலையை எண்ணிப் பழகிய எனக்கு இது கசந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதானே? டவுன் கிளார்க்கிடம் மதிப்பீட்டுப் பட்டியலை வாங்கி, விலை அதிகமான வீடுகளை மேலே வரிசைப்படுத்தினேன். கரையோரப் பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் நியூஜெர்சியிலும் ப்ளோரிடாவிலும் இருந்தார்கள். கடிதம், தொலைபேசி, கோடை வந்ததும் நேரில் என்று துரத்தி, பாதியைத் தாண்டிவிட்டோம். அன்றிரவு பாயசம் வைத்தோம்.

வக்கீல் மனுவைப் பார்த்துவிட்டு, "இங்கேயே குடியிருப்பவர்களின் சொத்தில் பாதி தனியாகத் தேறுகிறதா?" என்று கேட்டார். தேறவில்லை. சட்டத்தில் அந்த நிபந்தனையையும் நான் படித்திருந்தேன். படித்தும் கடந்து போயிருந்தேன். ட்ரஸ்ட் பெயரில் இருந்த இரண்டு வீடுகளுக்கும் தவறான ஆள் கையெழுத்திட்டிருந்தார்.

ஆகவே, தெருவின் மேட்டுப்பக்கத்துச் சின்ன வீடுகளுக்குப் போனேன். மூன்று மாதமாக அந்த வாசல்களைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். ஒரு முதியவர் கதவைப் பாதி திறந்து, "பணக்காரர்கள் முடிந்துவிட்டார்களா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் காபி கொடுத்தார், கையெழுத்துப் போடவில்லை. "வருடத்துக்கு எவ்வளவு? அதை மட்டும் சொல்."

சாதாரண வீட்டுக்கு வருடச் செலவு எவ்வளவு, இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பொது விசாரணை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் சுவருக்கு வெளியே பள்ளம் தோண்டுவது, கழிவை அரைத்துத் தள்ளும் பம்புக்கு மின்கம்பி இழுப்பது, பழைய தொட்டியை உறிஞ்சி எடுத்து மணல் கொட்டி மூடுவது ஆகியவை எங்கள் அறிவிப்பில் இல்லை. அவை வீட்டுக்காரர் பாடு. வருடக் கணக்கை ஒரு வரியாகவும், வீட்டுக்காரர் பாட்டை இன்னொரு வரியாகவும் அவர் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினார். மற்ற வீடுகளிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

பணத்துக்கு இரண்டு கதவுகளைத் தட்டினோம். ஒரு காலத்தில் மத்திய அரசு இதற்கு மானியத்தை அள்ளிக் கொடுத்ததாம். 1987-க்குப் பிறகு அது மாநிலங்கள் நடத்தும் சுழல்நிதிக் கடனாக, அதாவது திரும்பி வரும் பணத்தையே மறுபடி கடனாகத் தருவதாக, மாறிவிட்டது. அதில் சேர, வருடாந்தரப் பட்டியலில் நம் திட்டத்தின் பெயர் இடம்பெற வேண்டும். இன்னொன்று மத்திய வேளாண் துறை: 10,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு 40 வருடம் வரை கடன், தகுதிக்கேற்ப மானியம். இரண்டிலும் சலுகை, ஊரின் இடைநிலைக் குடும்ப வருமானத்தை, அதாவது பாதிக் குடும்பங்கள் மேலும் பாதி கீழுமாக நிற்கும் நடு எண்ணை, பொறுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண் எங்களைச் செல்வந்தர்களாகக் காட்டியதால் தனி வருமான ஆய்வு எடுத்தோம். நம் ஊரில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவரே சம்பளத்தைக் கேட்டுவிடுவார். இங்கே கையெழுத்து கொடுத்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு முகம் சிவந்தார்கள். பெயரில்லாத உறையில் வைத்து, வெளி அமைப்பு ஒன்றிடம் நேராக அனுப்ப ஏற்பாடு செய்த பிறகே பதில்கள் வந்தன.

பொது விசாரணையில் போர்டு நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: மனு முறையாக உள்ளதா, எல்லைக்குள் இருக்கும் எல்லா நிலமும் பயன்பெறுகிறதா, பயன்பெறும் எல்லா நிலமும் எல்லைக்குள் இருக்கிறதா, இது பொதுநலனுக்கு உகந்ததா. நடுவில் இருந்த ஒருவர் தன் வீட்டை நீக்கச் சொன்னார். எல்லைக்குச் சற்று வெளியே இருந்த பெண்மணி தன்னைச் சேர்க்கச் சொன்னார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவரை நீக்க முடியவில்லை. இரண்டாமவரைச் சேர்க்க வரைபடம் திருத்தப்பட்டது.

கடன் வாங்கிக் கட்டும் திட்டத்தில் சாதாரண வீட்டின் செலவு மாநிலம் குறிக்கும் வரம்பைத் தாண்டினால், கம்ப்ட்ரோலர் எனப்படும் மாநிலக் கணக்கு அதிகாரியின் ஒப்புதலும் தேவை. எங்களுடையது தாண்டியது. காத்திருந்தோம். ஒப்புதல் வந்து டெண்டர் திறந்தால், மனுவில் எழுதிய உச்சத் தொகையை விடக் கூடுதல். ஒரு கிளைக் குழாயைக் குறைத்து, மறுபடி விசாரணை வைத்து, மறுபடி அதே நாற்காலிகள்.

ஆறாவது கோடையில் தெருவைத் தோண்டினார்கள். ஜனவரி வரிச்சீட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அன்று மாலையே முதியவர் தொலைபேசியில் அழைத்தார்.

"நீ எழுதியதை விடப் பதினொரு டாலர் அதிகம்" என்றார். காலண்டரை இன்னும் வைத்திருக்கிறாராம்.