கண்டுபிடித்தார், முறையிட்டார், திரும்பினார்

நீலகிரியில் எந்தப் பள்ளியின் சமூக அறிவியல் பேப்பரைத் திருத்த எடுத்தாலும் ஒரு வாக்கியம் தப்பாமல் கண்ணில் படும்: 'ஜான் சல்லிவன் உதகமண்டலத்தைக் கண்டுபிடித்தார்.' பெயர் சரி, எழுத்துப்பிழை இல்லை. தகராறு வினைச்சொல்லில்தான். சீசன் நேரத்தில் டாக்ஸி ஓட்டும் அப்பா வண்டியில் ஏறுகிறவர்களுக்குச் சொல்லும் அதே வாக்கியம் விடைத்தாளிலும் ஏறிக்கொள்கிறது. இந்த மலையில் வரலாறு நடத்துகிறவர்கள் வருடங்களைத் திருத்துவதைவிட வினைச்சொற்களைத் திருத்துவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கிறது. அரசியல் மேடை, சினிமா, பாடநூல் மூன்றும் மாணவனுக்குள் கொண்டுபோய் வைப்பது வினைச்சொற்களைத்தான். வருடம் மறந்துவிடும், 'கண்டுபிடித்தார்' மறக்காது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் மலையேறியது 1819-இல். அதற்கு முந்தைய வருடமே விஷ், கிண்டர்ஸ்லி என்று இரண்டு கம்பெனி அதிகாரிகள் வந்து போயிருந்தார்கள். 1812-இல் கீஸ் என்பவர் சர்வே வேலையாக வந்தார். 1603-இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களைப் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் பின்னால் போனால் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசனைப் பற்றிய 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவன் தோடர்களை அஞ்ச வைத்தான் என்று அது சொல்கிறது. அஞ்ச வைக்க வேண்டுமென்றால் ஆள் இருந்திருக்க வேண்டுமே!

இதை வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துபோவார்கள். அளவுகோலை எடுக்கச் சொல்ல வேண்டும். 1 செ.மீ.க்கு 100 வருடம் என்று வைத்துக் கோடு போட்டால், கல்வெட்டுக்கும் சல்லிவனுக்கும் நடுவே 7 செ.மீ., சல்லிவனுக்கும் இன்றைக்கும் நடுவே 2 செ.மீ.தான். காலக்கோடு வரையும்போது பெரும்பாலான பிள்ளைகள் எல்லா நிகழ்வுக்கும் சமமான இடைவெளி விடுகிறார்கள். தேர்வில் அதற்கு மார்க் குறைவதில்லை என்பதால் நாமும் விட்டுவிடுகிறோம். காலத்தின் நீளம் கண்ணுக்குத் தெரியாமல் போவது அங்கேதான்.

சல்லிவனை இறக்கிப் பேசுவதும் தப்பு. கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார், ஊட்டியில் கல்பங்களா கட்டினார், ஏரி அமைத்தார், நிலம் தோடர்களுக்கே உரியது என்று தன் மேலிடத்தோடு வாதாடினார். இத்தனை நல்ல வினைச்சொற்கள் கையிருப்பில் இருக்கும்போது கண்டுபிடித்தார் எதற்கு?

ஆனால் பேப்பர் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். புத்தகத்தில் இல்லாத வாக்கியத்தை மாணவன் எழுதினால் மார்க் போகுமா என்ற பயம் நியாயமானது. இதற்கு ஒரு வழி உண்டு. 5 மார்க் விடையில் புத்தகத்தின் முக்கியச் சொற்கள் ஐந்தையும் அப்படியே எழுதி அடிக்கோடிட வேண்டும். சொந்த வாக்கியம் அவற்றுக்கு நடுவில் வரட்டும். ஒரு கட்டு விடைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் கண் அடிக்கோட்டைத்தான் தேடும். சொந்த வாக்கியத்தை முதல் வரியில் வைக்கிற கெட்டிக்காரப் பிள்ளைதான் மார்க்கை இழக்கிறது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரலாறு 10, புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5 என்று மொத்தம் 27 பாடம். நான்கையும் ஒரே ஆசிரியர்தான் முடிக்க வேண்டும். ஜூலை மழைக்கு கலெக்டர் விடும் லீவையும் கழித்தால் போர்ஷன் முடிப்பதே பெரும்பாடு. ஆகவே எல்லாப் பாடத்திலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. வருடத்துக்கு மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து நின்று நிதானமாகச் செய்தால் போதும்.

அப்படி நிற்க வேண்டிய இடங்களில் முதலாவது கட்டபொம்மன் பாடம். 1959-இல் வந்த படத்தின் புண்ணியத்தால் ஜாக்சன் துரையைத் தெரியாத பிள்ளை இல்லை. படம் வந்து இத்தனை வருடம் கழித்தும் ஆண்டு விழாவில் தலைப்பாகையும் மீசையுமாக ஒருவன் மேடையேறி முழங்கிவிட்டுத்தான் இறங்குகிறான். சினிமா வரலாற்றைக் கெடுக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் அங்கலாய்ப்பது சுலபம். உண்மையில் பாதி வேலையை அது இலவசமாக முடித்துக் கொடுத்திருக்கிறது. முழங்கட்டும், கை தட்டுவோம். அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய பிறகு கட்டபொம்மன் என்ன செய்தார்?'

வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பது முழக்கத்தை மட்டும்தான். பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. கலெக்டர் தன்னை நடத்திய விதம் பற்றிச் சென்னை கவுன்சிலிடம் முறையிட்டார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் குழு விசாரித்தது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றானது, ஜாக்சனின் பதவி போனது. முழங்கினார் என்பது ஒரு வினை, முறையிட்டார் என்பது இன்னொரு வினை. இரண்டும் ஒரே ஆள் செய்தவை. முறையிட்டு ஜெயித்தவரையே அடுத்த வருடம், 1799 அக்டோபரில், கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள் என்று தெரியும்போதுதான் கம்பெனி ஆட்சி என்றால் என்ன என்பது உறைக்கும். வெறும் வீரக்கதையாகப் படித்தவனுக்கு இது உறைக்காது.

ஜாக்சன் இடத்துக்கு வந்த கலெக்டர் எஸ்.ஆர். லூஷிங்டன். ஒரு மார்க் கேள்விக்குரிய பெயர் என்று படித்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். நீலகிரிப் பிள்ளை அப்படித் தாண்டக் கூடாது. இதே ஸ்டீபன் ரம்போல்டு லூஷிங்டன்தான் 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னர். ஊட்டியில் மைசூர் ரோட்டில் இருக்கும் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியவர் அவர்தான். ஆளின் பெயரையும் கோயிலின் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையாவது சிரிக்கும். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் பெரிய மர உத்திரங்கள் தெரியும். அவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரங்கள். 1799 மே மாதம் திப்பு, அக்டோபரில் கட்டபொம்மன். புத்தகத்தில் வேறு வேறு பக்கத்தில் கிடக்கும் இரண்டு மரணங்களும் ஊட்டியில் ஒரே கூரைக்கடியில் சந்திக்கின்றன.

அங்கே அழைத்துப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வழிபாடு நடக்கும். பள்ளி நாளில், போதகரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டு, இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் 40 பேரைச் சமாளிக்கலாம். ஐந்து பேருக்கு ஒரு குழு, ஒரு குழுவுக்கு மூன்று கல்லறை. தாளில் நான்கு கட்டம்: பெயர், இறந்த வருடம், வயது, கல்லில் இருக்கும் வினைச்சொல். பாசி படிந்த எழுத்தைப் படிக்க நாணயத்தால் சுரண்டுவார்கள், சாக்பீஸைத் தேய்ப்பார்கள். இரண்டையும் முதலிலேயே தடுத்துவிட வேண்டும், கல் கெட்டுவிடும். செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஒரே கல்லில் இரண்டாவதாகப் பொறித்திருக்கும் பெயரை விட்டுவிடுவது. அது பெரும்பாலும் குழந்தையின் பெயராக இருக்கும். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் இங்கேதான் கிடக்கிறார்கள். ஆண்ட இனம் என்று மட்டுமே படித்த பிள்ளைகள் வயதுக் கட்டத்தை நிரப்பும்போது கொஞ்சம் மௌனமாவார்கள். அந்த மௌனத்தைப் பேசிக் கெடுக்காமல் இருப்பது ஆசிரியருக்குக் கடினமான வேலை. இந்தக் கல்லறைகளை எழுப்பிய கூலிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது என்பதை மறுநாள் வகுப்பில் சொன்னால் போதும்.

கூடலூர்ப் பக்கம் போனால் வினைச்சொல் சூடாகிவிடும். 'செக்‌ஷன் 17' அங்கே சமையலறை வரை புழங்கும் சொல். கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்துக்கு வழிவழியாகச் சொந்தமான ஜன்ம நிலம் சுமார் 80,000 ஏக்கர். அதை ஒழித்து, நிலக்காரர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற 1969-இல் கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் வந்தது. எஸ்டேட் குத்தகை நிலங்கள் அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிக்கொண்டு, வழக்குகளாகப் பல பத்தாண்டுகள் நீண்டன. அந்த நிலத்தில் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்ட் கனெக்‌ஷன் வாங்குவதும் போராட்டம். ஒரு செய்தித்தாள் 'ஆக்கிரமித்தனர்' என்று போடும், மேடையில் பேசுகிறவர் 'குடியேறினர்' என்பார், மனுவில் 'அனுபவித்து வருகிறோம்' என்றிருக்கும். பழங்குடிகளான பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் இந்த மூன்றில் எதுவுமே பொருந்தாது. அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

செய்தித்தாள் துண்டை வெட்டி ஒட்டி, வினைச்சொல்லை மட்டும் சுழிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. ஆனால் எச்சரிக்கை வேண்டும். எதிர் பெஞ்சில் இருப்பவனின் வீட்டைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. 'யார் முதலில் வந்தார்கள்' என்று வகுப்பில் கேட்கவே கூடாது. மலையில் அது வரலாற்றுக் கேள்வி இல்லை, சண்டைக்கான அழைப்பு. போர்டில் சட்டத்தின் பெயரும் வருடமும் பிரிவும் மட்டும் எழுதலாம். கருத்து நோட்டில் இருக்கட்டும். படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கைக்கும் இதே முறைதான். நாளை தேர்தல் வேலைக்கு அதே தெருவுக்கு வாக்காளர் பட்டியலோடு போகப் போவதும் நாம்தான் என்பதை மறக்கக் கூடாது.

'திரும்பினார்' என்ற சொல் எதிர்பாராத வழியில் வகுப்புக்குள் வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் என்ற பாடத்தில் கொரியா வந்ததும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தென்கொரியாவின் பி.டி.எஸ். குழுப் பாடகர்கள் 2022 டிசம்பர் தொடங்கி ஒவ்வொருவராக ஏன் ராணுவச் சேவைக்குப் போனார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பாடத்திலேயே பதில் இருக்கிறது. 1953 ஜூலையில் கையெழுத்தானது போர் நிறுத்தம் மட்டுமே, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அதனால் அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை, தரைப்படை என்றால் 18 மாதம். பாடகன் தலையை மொட்டையடித்ததற்கும் 1953-க்கும் உள்ள முடிச்சைப் பிள்ளைகளே அவிழ்ப்பார்கள். அங்கிருந்து ஒரு படி மேலே போகலாம். போர்க் கைதிகளில் பலர் சொந்த நாட்டுக்குப் போக மறுத்தார்கள். அவர்களைக் கவனிக்க அமைத்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியா தலைமை வகித்தது. ஜெனரல் திம்மையா அதன் தலைவர். திருப்பி அனுப்புவதற்கென்று அமைத்த ஆணையம், திரும்ப மாட்டேன் என்றவர்களோடு மல்லுக்கட்டியது.

இந்த இடத்தில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வகுப்புகளில் கதை வீட்டுக்கு வந்துவிடும். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான, அங்குள்ள தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரை, 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, பின்னாளில் அதுதான் டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அரசுக் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. கண்டியிலோ ஹட்டனிலோ பிறந்து, ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கியபோதுதான் இந்திய மண்ணை முதல்முறை மிதித்த ஒருவர் எப்படித் திரும்பியிருக்க முடியும்? 'வந்தோம்' என்பதா, 'அனுப்பப்பட்டோம்' என்பதா? ஊரார் சொல்லும் 'சிலோன்காரங்க' என்ற பெயரை அந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்ல வேண்டாம்.

குடும்பக் காலக்கோடு எழுதவைத்தால் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான பயிற்சியாகிவிடும், யாரும் தனியாக எழுந்து நிற்க வேண்டியதில்லை. பெயர் எழுத வேண்டாம், எண் போதும். வீட்டுப் பெரியவரிடம் மூன்றே கேள்வி: எங்கே பிறந்தீர்கள், எப்போது இந்த ஊருக்கு, என்ன வேலைக்கு. தடை எங்கே வரும் என்றால், பாட்டிகளுக்கு வருடம் தெரியாது. 'பெரிய மண்சரிவு வந்துச்சே, அதுக்கு முந்தின வருஷம்' என்பார்கள். அதனால் தாளின் ஓரத்தில் ஒரு வருடப் பட்டியல் அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும்: 1964 தனுஷ்கோடிப் புயல், 1967 அண்ணா முதல்வரானது, 1969 அண்ணா மறைந்தது, 1978, 1979 மண்சரிவுகள், 1984 இந்திரா காந்தி, 1987 எம்.ஜி.ஆர்., 1993 மரப்பாலம் சரிவு, 2009 நவம்பர் மழை. பாட்டி விரலை வைத்துக் காட்டினால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் சரியாக வந்துவிடும்.

கெட்டித்தாள் வாங்க வேண்டும். சாதாரணச் சார்ட் மழைக்காலத்தில் இரண்டே வாரத்தில் ஊறித் தொங்கிவிடும், பசையும் பிடிக்காது. சுவரில் ஒட்டாமல் கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டுவது நல்லது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு அச்சிடலாம்: 'எங்கள் குடும்பம் இந்த மலைக்கு ________.' அதைப் பேனாவால் எழுதவிடக் கூடாது. முதல் நாள் 'வந்தது' என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளை, பாட்டியிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு மறுவாரம் ரப்பர் கேட்கும்.