மறியலால் வந்த முதல் கிழமை

மறியலில் (சிறையில்) இருந்தோ போதைப் புனர்வாழ்வு முகாமில் இருந்தோ பிள்ளை வீடு திரும்பும் நாள் குடும்பத்துக்கு நல்ல நாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் போதைத் தடுப்பு வேலை செய்யும் எனக்கு அன்றுதான் பயம் தொடங்கும். மாதக்கணக்கில் தூள், அதாவது ஹெரோயின், தொடாத உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். கூடவே சாராயமோ தூக்கக் குளிசையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

இதைத் தாய்மாருக்குத்தான் முதலில் சொல்கிறேன். தொண்டைக்குள் இழுக்கும் குறட்டை, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி: தூள் அளவு மீறியதன் அடையாளங்கள் இவை. பார்த்தால் அசந்து தூங்குவது போலத்தான் இருக்கும். தேசிக்காய்த் தண்ணி பருக்க வேண்டாம், அது நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தாய் குரலைத் தாழ்த்தினார்: "மிஸ், அம்புலன்ஸோட பொலிசும் வருமா? மூத்தவனையும் புடிச்சிட்டுப் போவாங்களா?"

இந்தப் பயம்தான் உயிரை எடுக்கிறது. மட்டக்களப்பு டவுனில் வாகனமும் தெரிந்த டொக்டரும் உள்ள வீட்டில் இதே தூளை எடுத்தவன் பிழைத்துக்கொள்வான். இங்கே கணவனை இழந்து, நுண்கடன் கட்டிக்கொண்டு, கூலிவேலையால் வந்து படுத்த தாய் நடுச்சாமத்தில் யாரைக் கூப்பிடுவார்? வாவிக்கு மேலால் மண்முனைப் பாலம் 2014இல் திறந்து தூரம் குறைந்தது உண்மைதான். ஆனால் இரவில் ஓட்டோவுக்குக் காசு வேண்டும். 1990 இலவசம் என்பதையே பல வீடுகளில் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நாலொக்சோன் என்ற மருந்து ஹெரோயின் அமுக்கிய மூச்சைச் சில நிமிடங்களில் மீட்கும். ஐஸ் (மெத்தம்பெட்டமின்) என்ற போதைக்கு அது உதவாது. அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையிலும் அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே பரிந்துரைத்தது. வெளியே விடும்போதே குடும்பத்துக்குப் பழக்கி, கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நான் போகும் கூட்டங்களில் எல்லாம் கேட்கிறேன்.

விடுதலைத் திகதியையும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தெரிந்தால் அந்தக் கிழமை முழுக்க அந்த வீட்டுக்குப் போய்வரலாம். வேளாண்மை வெட்டுக் காலம் என்றால் வயலில் ஒரு வேலைக்கும் சொல்லி வைக்கலாம்.