மில்லிங் மெஷினில் உருக்காமல் ஒட்டிய அலுமினியம்: பீன்யாவிலிருந்து ஒரு குறிப்பு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், ஒரு பழைய மில்லிங் மெஷினில் ஃபிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன முறை எழுதும்போது அதற்கான டூல் மட்டும்தான் கைக்கு வந்திருந்தது. இப்போது 5 மி.மீ. தடிப்புள்ள இரண்டு 6061-டி6 அலுமினியம் பிளேட்டுகளை, உலோகத்தை உருக்காமலே, உள்ளே பொந்து விழாமல் இணைக்க முடிகிறது. அறுத்துப் பார்த்தாயிற்று, வளைத்துப் பார்த்தாயிற்று. இந்த முறையில் எல்லாருடைய கண்ணும் டூலின் நுனியில் உள்ள பின் மேல்தான் போகும். ஆனால் இணைப்பு தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது அதற்கு மேலே இருக்கும் தோள். அதைத்தான் இந்தக் குறிப்பில் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு என்கிற ஃபிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங், 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள டிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தது. சுழலும் பின், இரண்டு பிளேட்டும் சேரும் கோட்டில் இறங்குகிறது. பின்னைவிட அகலமான தோள் மேற்பரப்பில் உரசிச் சூடேற்றுகிறது. 6061 உருகத் தொடங்க 580 டிகிரி செல்சியஸாவது வேண்டும். இங்கே சூடு பெரும்பாலும் 400லிருந்து 500 வரைதான் போகிறது. அந்தச் சூட்டில் அலுமினியம் பிசைந்த மாவுப் பதத்துக்கு வந்துவிடும். டூல் நகர நகர, முன்னால் உள்ள உலோகம் பின்னைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் படிகிறது. உருகல் இல்லாததால் வாயுக் குமிழி இல்லை, உறையும்போது வரும் வெடிப்பும் இல்லை. ஆர்க் வெல்டிங்கில் வெடித்துப் படுத்தும் 2000, 7000 வரிசை அலுமினியக் கலவைகள்கூட இதில் இணங்கி வருவதற்குக் காரணம் இதுதான். 1990களின் நடுவில் நார்வேயில் கப்பல் தளப் பலகைகளுக்குப் பயன்பட்டது. பிறகு போயிங் தன் டெல்டா ராக்கெட் தொட்டிகளுக்கு எடுத்துக்கொண்டது. இன்று நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட்டின் மைய அடுக்குத் தொட்டிகளையும் இப்படித்தான் இணைக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. நண்பர்களோடு கட்டிக்கொண்டிருக்கும் மின்பைக்கின் பேட்டரிக்கு ஒரு தண்ணீர்க் குளிர்ப்புப் பலகை. உள்ளே கால்வாய், மேலே மூடி, சொட்டுக்கூடக் கசியக் கூடாது. கார் கம்பெனிகள் இதே பலகையை இதே முறையில் செய்கின்றன. அதனால் முதலிலேயே இந்த வழியைத் தேர்ந்துகொண்டேன்.

மெஷின், பீன்யாவில் நமக்குத் தெரிந்த ஒரு அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பழைய எச்எம்டி வெர்டிகல் மில்லிங். அண்ணனுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினைத் தருகிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு: "தம்பி, பேரிங்க மட்டும் பாத்துக்க. வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் டயல் வச்சுப் பாரு." நியாயமான பேச்சு. மில்லிங் ஸ்பிண்டில் பக்கவாட்டில் வெட்டுவதற்கானது. இந்த வேலையோ அதை மேலிருந்து அழுத்தச் சொல்கிறது. 5 மி.மீ. அலுமினியத்துக்கே பல கிலோநியூட்டன், அதாவது பல நூறு கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தேவைப்படும். அதனால் இதைவிட ஆழமான இணைப்பை இந்த மெஷினில் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இதுவரை டயல் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது.

டூல், சூட்டைத் தாங்கும் எச்13 ஸ்டீல். லேத்தில் கடைந்து, ஹார்டனிங்குக்குக் கொடுத்து வாங்கியது. தோள் 15 மி.மீ. விட்டம், அடிப்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். பின் 5 மி.மீ. விட்டம், 4.7 மி.மீ. நீளம். பின்னில் இடக்கை மரை. ஸ்பிண்டில் வலப்பக்கம் சுழலும்போது இடக்கை மரை உலோகத்தைக் கீழே தள்ளும். வலக்கை மரை போட்டால் மேலே கிளப்பிவிடும். அலுமினியத்தில் எச்13 தேய்வதாகவே தெரியவில்லை. ஒட்டிக்கொள்ளும் அலுமினியத்தை மட்டும் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து எடுக்கிறேன்.

இனி தோள். ஸ்பிண்டில் தலையை, டூலின் பின்விளிம்பு (ஓட்டத்தில் பின்னால் வரும் விளிம்பு) தாழும்படி 2 டிகிரி சாய்த்து வைத்திருக்கிறேன். 15 மி.மீ. தோளில் 2 டிகிரி என்றால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அரை மி.மீ. உயர வித்தியாசம். பின்விளிம்பு பிளேட்டுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது. 0.1 மி.மீ. குறைந்தால் உள்ளே சுரங்கம் போல நீளமான பொந்து, 0.1 கூடினால் ஓரத்தில் பிசிறு வழிந்து பிளேட் மெலிகிறது. பெரிய மெஷின்களில் அழுத்தத்தை அளந்து அதைச் சீராகப் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. நம்மிடம் இருப்பது ஒரு கைச்சக்கரமும் அதன் கோடுகளும்தான்.

அந்தச் சரியான ஆழத்தைக் கண்டுபிடிக்க உதவியது, யஷ்வந்த்பூரைத் தாண்டினால் வரும் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) நடந்த ஒரு ஆராய்ச்சி. கே. குமாரும் சதீஷ் வி. கைலாஸும் 2008இல் வெளியிட்டது. தோளுக்கும் பிளேட்டுக்கும் உள்ள அழுந்தலை ஒரே ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு ஆழத்துக்கும் தனித்தனி பிளேட் தேவையில்லை. ஒரே கோட்டில் எல்லா ஆழமும் பதிவாகிவிடும். பின் ஓட்டும் உலோகம் ஒன்று, தோள் ஓட்டும் உலோகம் ஒன்று, இரண்டும் சரியாகக் கலக்கும் இடத்தில்தான் குறையில்லாத இணைப்பு கிடைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இவ்வளவு எளிமையான ஏற்பாட்டில் இவ்வளவு தெளிவான பதில் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அதையே செய்தேன். 200 மி.மீ. பிளேட்டை ஸ்டீல் அடிப்பலகையோடு சேர்த்துக் கட்டி, ஒரு முனையின் கீழ் அரை மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வைத்தேன். தாழ்ந்த முனையில் தோளின் பின்விளிம்பு பிளேட்டைத் தொடவே தொடாது, 0.1 மி.மீ. இடைவெளி. உயர்ந்த முனையில் 0.4 மி.மீ. உள்ளே இறங்கியிருக்கும். நிமிடத்துக்கு 1120 சுற்று, 80 மி.மீ. ஓட்டம். முதல் தடவை என்பதால் இணைப்புக் கோடு இல்லாத முழு பிளேட்டிலேயே ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சிப்பே வரலையே தம்பி, மெஷின் வெட்டுதா இல்லையா?" என்றார். தோள் தொடாத முனையில் மட்டும் கொஞ்சம் துருவல் வெளியே வந்தது. தோள் படிந்த பிறகு அதுவும் நின்று, மெஷினின் சத்தமே கனத்துவிட்டது. இப்போதெல்லாம் அந்தச் சத்தத்தை வைத்தே தோள் உட்கார்ந்துவிட்டதைத் தெரிந்துகொள்கிறேன்.

பிறகு துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் அரம், எமரித் தாள் என்று தேய்த்துப் பளபளப்பாக்கி, காஸ்டிக் சோடாவில் நனைத்தேன். (கையுறை, கண்ணாடி கட்டாயம், ஹைட்ரஜன் வரும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.) தாழ்ந்த முனைத் துண்டுகளில் மேலேயே திறந்த பள்ளம். அதற்கடுத்தவை ஏமாற்றுக்காரத் துண்டுகள்: மேற்பரப்பு மூடி, வளைவு வளைவாகக் கோடுகளோடு பார்க்க நன்றாக இருக்கிறது, உள்ளே, சுழற்சியும் ஓட்டமும் ஒரே திசையில் போகும் பக்கத்தில், பின் நுனிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுரங்கம். பின்விளிம்பு ஏறத்தாழ 0.25 மி.மீ. இறங்கிய துண்டிலிருந்து அது காணாமல் போகிறது. அங்கிருந்து வெட்டுமுகத்தில், வெங்காயத்தை அறுத்தது போன்ற வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கடைசி முனையில் இணைப்பு கெட்டிதான், ஆனால் பிசிறு அதிகம். மேற்பரப்பின் அழகை வைத்து இந்த வேலையை மதிப்பிடவே கூடாது என்பதற்கு இந்தத் துண்டுகளே சாட்சி. வரிசையாக ஒரு பலகையில் ஒட்டி ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அப்புறம் உண்மையான இணைப்பு. 0.35 மி.மீ. இறக்கத்தில், இரண்டு பிளேட்டையும் பக்கவாட்டிலிருந்தும் இறுக்கிக் கட்டி ஓட்டினேன். பின் இறங்கும்போது பிளேட்டுகளை விலக்கித் தள்ளும். மேலிருந்து போடும் கிளாம்ப் மட்டும் போதாது. இறங்கியதும் உடனே நகர்த்தாமல், உலோகம் இளகக் கொஞ்ச நேரம் அங்கேயே சுழலவிட வேண்டும். அடிப்பக்கம் வெளியே வரும்படி தடித்த உருளைக் கம்பியின் மேல் வளைத்ததில் அடிவேரில் கீறல் திறக்கவில்லை. இழுத்துப் பார்க்க ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தேன்: 6061-டி6 மூல பிளேட்டுக்கு ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல் எதிர்பார்க்கலாம், இணைப்பு 208க்கு முறிந்தது. முறிந்ததும் கலந்த பகுதியில் இல்லை, அதற்குப் பக்கத்தில் சூடு மட்டும் பட்ட பகுதியில். டி6 என்கிற, சூடேற்றிப் பதப்படுத்திய நிலையின் வலிமையே மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்ணிய படிவுகளால் வருவது. சூடு பட்டால் அவை பருத்துவிடும், உலோகம் மெத்தென்று ஆகிவிடும். உருக்கிப் பற்றவைத்தாலும் இந்த இழப்பு உண்டு. குளிர்ப்புப் பலகைக்கு இந்த வலிமை தாராளம்.

மூடி வேலையில் இனி இருப்பது இரண்டு சிக்கல். ஒன்று, டூலை வெளியே எடுக்கும் இடத்தில் பின் அளவுக்கு ஒரு குழி நிற்கும். ராக்கெட் தொட்டியின் வட்ட இணைப்பில் இது பெரிய தலைவலி. அதற்காகவே நாசா, ஓட்டத்தின் நடுவில் உள்ளே இழுத்துக்கொள்ளும் பின்னை உருவாக்கியது. எனக்கு அது தேவையில்லை. மூடிக்குக் கீழே இருக்கும் குளிர்ப்புப் பலகை 12 மி.மீ. தடிப்பு. கோட்டை மூலையைத் தாண்டி ஓட்டி, கால்வாய் இல்லாத கெட்டியான ஓரத்தில் டூலைத் தூக்கப்போகிறேன். குழியைப் பெரிதாக்கி மரை போட்டால் பலகையை மாட்டும் போல்ட் துளையாகிவிடும்.

இரண்டாவது சிக்கல் சாய்வு. தலை ஒரு திசையில்தான் சாய்கிறது, மூடிக்கோ நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பலகையைத் திருப்பிக் கட்டலாம், ஆனால் ஒவ்வொரு கட்டலிலும் 0.1 மி.மீ.யைத் திரும்பத் தேட வேண்டும். தோளின் அடியில் சுருள் வரிப்பள்ளம் வெட்டிய டூல் இருந்தால் சாய்வே வேண்டாம். வரிகளே உலோகத்தை உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த டூலைக் கடைய எச்13 உருளை வாங்கி வைத்தாயிற்று. வரி வெட்ட அண்ணன் தன் சிஎன்சியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஹார்டனிங் ஆகி வந்ததும் முதலில் ஷிம் வைத்துச் சரித்த பிளேட்டில் ஒரு ஓட்டம், அறுத்துப் பார்த்த பிறகு மூடி, கடைசியாகத் தண்ணீரில் முக்கி 2 பார் காற்று அடித்துக் கசிவுச் சோதனை.