ஃபுனாஃபுட்டியில் நான் பார்த்த குழிகள்

ஃபிஜியின் தலைநகரம் சுவாவிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் இரண்டரை மணி நேரம் வெறும் கடலையே காட்டிவிட்டு, கடைசியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டியது. கோட்டுக்கு ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் இளம்பச்சை. அதுதான் பசிபிக் கடலின் குட்டித் தீவு நாடான துவாலுவின் தலைநகரம் ஃபுனாஃபுட்டியில் மக்கள் நெருக்கமாக வாழும் ஃபோங்காஃபாலே தீவு. நீளம் 12 கிலோமீட்டர். அகலமான இடத்திலேயே 400 மீட்டர்தான். சில இடங்களில் சாலையில் நின்று தலையைத் திருப்பினால் போதும், இரண்டு பக்கமும் கடல்.

நான் போனது 2025 ஜூலைக் கடைசியில். தங்கியது அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டில். வாசலிலேயே அவருடைய கணவரின் சமாதி, மேலே தகரக் கூரையோடு. இங்கே பல வீடுகளில் இப்படித்தான். இருப்பவர்களும் இறந்தவர்களும் ஒரே முற்றத்தில்.

இரண்டாம் நாள் காலையில் அந்த அம்மா தன் குடும்பத்தின் புலாகா குழியைக் காட்டக் கூட்டிப்போனார். புலாகா நம் சேப்பங்கிழங்குக்குச் சொந்தம்தான், ஆனால் இலை ஆள் உயரத்துக்கு மேலே போகும். பவளத் தீவில் மண் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அந்த நல்ல தண்ணீர் வரைக்கும் தோண்டி, இலைதழைகளை மக்க வைத்து, ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக ஊட்டி வளர்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படித் தோண்டிப் பராமரித்த குழிகள்தான் இந்த மக்களுக்குச் சோறு போட்டன. அந்த அம்மாவின் குழியில் பாதிச் செடிகள் மஞ்சளித்துக் கிடந்தன. உப்பு ஏறிவிட்டது. கிழங்கைத் தோண்டினால் அழுகி வருகிறது என்றார். இப்போது வீட்டில் தினமும் அரிசிதான், கப்பலில் வருவது.

கடல் கரையைத் தாண்டி உள்ளே வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் பிப்ரவரி மாதப் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் கீழேயிருந்து வருமாம். பவளப்பாறை முழுக்கத் துளைகள் என்பதால், ஊர் நடுவே தரையிலிருந்து குமிழியிட்டுக் கிளம்பும். சுவர் கட்டித் தடுக்க முடியாத தண்ணீர் அது.

இந்தத் தீவில் வெளியாட்கள் தோண்டிய குழிகளும் உண்டு. முதலாவது சின்னது. எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் மேல் பவளம் வளர்ந்துகொண்டே போவதால்தான் இப்படிப்பட்ட வளையத் தீவுகள் உருவாகின்றன என்று டார்வின் சொன்னார் அல்லவா? அதைச் சோதிக்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை மூன்று முறை ஆட்களை அனுப்பி இங்கே துளையிட்டது. 340 மீட்டர் ஆழம் போயும் எரிமலைப் பாறை வரவில்லை, பவளச் சுண்ணாம்புதான் வந்தது. டார்வின் சொன்னது சரி என்பது 1952-ல் மார்ஷல் தீவுகளில் துளையிட்டபோதுதான் உறுதியானது. அந்தத் துளை இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். அடியில் நிலம் அமிழ அமிழ மேலே வளர்ந்த பவளத்தின் மீதுதான் இத்தனை வீடுகளும்.

இரண்டாவது வகைக் குழிதான் கொடுமை. 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. ஜப்பானியரை எதிர்க்க ஓடுபாதை வேண்டும். தீவின் அகலமான, வளமான நடுப்பகுதியில் தென்னைகளை வெட்டினார்கள், புலாகா குழிகளை மூடினார்கள். பரப்புவதற்குப் பவளம் வேண்டும் என்று தீவிலேயே அங்கங்கே பெரிய பள்ளங்களைத் தோண்டினார்கள். போர் முடிந்து போய்விட்டார்கள். பள்ளங்களில் உப்புநீர் தேங்கியது, குப்பை சேர்ந்தது. நிலமில்லாதவர்கள் அவற்றின் ஓரத்தில் கால்நட்டு வீடு கட்டி வாழ்ந்தார்கள். 2015-ல் நியூசிலாந்தின் உதவியோடு கடற்கழியிலிருந்து மணல் அள்ளிப் போட்டு மூடும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நிலைதான்.

இதற்கும் முந்தைய காயம் 1863-ல். பெருவிலிருந்து வந்த கப்பல்கள், கடவுளைப் பற்றிக் கற்றுத் தருகிறோம், கொஞ்ச நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்று ஆசை காட்டி, ஃபுனாஃபுட்டியிலிருந்தும் துவாலுவின் இன்னொரு தீவான நுகுலாயெலாயேயிலிருந்தும் 400-க்கும் மேற்பட்டவர்களை அடிமை வேலைக்கு ஏற்றிப்போயின. அவர்கள் வீடு திரும்பவில்லை. நுகுலாயெலாயேயில் பாதிக்கும் மேல் ஆட்களே இல்லாமல் போனார்கள்.

அப்புறம் ஆங்கிலேயர் ஆட்சி, பக்கத்து கில்பர்ட் தீவுகளோடு சேர்த்து ஒரே காலனி. அங்கே தாங்கள் சிறுபான்மை, மொழியும் வேறு என்பதால் 1974 வாக்கெடுப்பில் 3,799 பேர் பிரிவதற்கும் 293 பேர் சேர்ந்திருப்பதற்கும் வாக்களித்தார்கள். பிரியும்போது கிடைத்த பங்கு ஒரே ஒரு கப்பல். 1978 அக்டோபர் 1-ல் சுதந்திரம். துவாலு என்றால் 'எட்டும் சேர்ந்து நிற்பது' என்று பொருள். தீவுகள் ஒன்பது, ஆனால் ஒன்பதாவதில் நிரந்தரக் குடியேற்றம் பிற்பாடுதான் வந்தது. தங்கள் நாட்டுக்குரிய டாட் டிவி (.tv) இணைய முகவரியை வாடகைக்கு விட்டு வந்த பணத்தில்தான் 2000-ல் ஐ.நா. உறுப்பினர் ஆனார்கள். அதுவும், சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் கட்டணமும்தான் இன்றும் முக்கிய வருமானம்.

1971 முதல் 2014 வரை துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அலைகள் மணலையும் பவளத் துண்டுகளையும் கொண்டுவந்து சேர்ப்பதால் அப்படி. உடனே, "பார், மூழ்கவில்லையே" என்று பலர் கிளம்பினார்கள். சரி, நிலம் கூடியது உண்மைதான். ஆனால் அந்த மஞ்சளித்த புலாகா இலையைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். மணல் மேடு கூடுவதும் மனிதர் குடியிருக்க முடிவதும் ஒன்றல்ல. கடல் மட்டம் முப்பது ஆண்டுகளில் 15 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 2011-ல் மழை பொய்த்தபோது குடிக்கத் தண்ணீரின்றி அவசரநிலையே அறிவித்தார்கள்.

நான் அங்கே இருந்த வாரம் ஊரில் எங்கும் விசா பேச்சுதான். ஆஸ்திரேலியாவோடு 2023-ல் போட்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 பேர் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம், குலுக்கல் முறையில். முதல் குலுக்கலுக்கு ஜூலை 18-க்குள் குடும்பத்தாரையும் சேர்த்துப் பதிந்தவர்கள் 8,750 பேர். நாட்டின் மக்கள்தொகையே 11,000-ஐ ஒட்டித்தான். 'ஒரு நாடே ஓடுகிறது' என்று செய்தி படித்துவிட்டுத்தான் நானும் போயிருந்தேன்.

அந்த அம்மாவும் பதிந்திருக்கிறார். "போயிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"பேர் கொடுக்கிறது வேற, போறது வேற. அந்த விசா இருந்தா போகலாம், வரலாம். பேத்தி அங்க படிக்கட்டும். நான் போய்ப் பார்த்துட்டு வருவேன்."

துவாலுவின் வைத்துப்புத் தீவுக்காரர்கள் 1940-களிலேயே காசு சேர்த்து ஃபிஜியில் கியோவா என்ற தீவை வாங்கியதையும் அவர்தான் சொன்னார். சிலர் அங்கே போனார்கள், ஆனால் வைத்துப்பு காலியாகவில்லை. போவதும் நிலைப்பதும் இவர்களுக்கு எதிரெதிரானவை அல்ல. இது எனக்கு அங்கே போகாமல் புரிந்திருக்காது. இவர்களை ஏற்கெனவே முடிந்துபோனவர்கள்போல எழுதுவது அநியாயம். கழியோரம் ஏழு ஹெக்டேருக்கும் மேல் மணல் கொட்டி உயர்த்திப் புதுநிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். கடல் எவ்வளவு ஏறினாலும் துவாலு ஒரு நாடாகவே தொடரும் என்று 2023-ல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கடைசி இரவு வீட்டுக்குள் புழுக்கம். அந்த அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு, வா என்றார். ஓடுபாதைக்குப் போனோம். விமானம் வரும் முன் சங்கு ஊதி ஆட்களை விலக்குவார்கள், மற்ற நேரமெல்லாம் அது ஊரின் மைதானம். பையன்கள் பந்து விளையாடி முடித்திருந்தார்கள். சில குடும்பங்கள் அங்கங்கே படுத்திருந்தன. பகல் வெயிலின் சூடு தரையில் இன்னும் மிச்சமிருந்தது, கழிக்காற்று நன்றாக வீசியது. அவருடைய பாட்டியின் புலாகா குழி எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் நாலைந்து பாய்களைத் தாண்டி ஓர் இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.