எந்த மாவுப்பூச்சி?

2021 கோடையில்தான் எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், நுனி சுருங்க ஆரம்பித்தது. கணுக்கள் நெருங்கி, இலையெல்லாம் உச்சியில் கொத்தாகி, சின்ன முட்டைக்கோஸ் மாதிரி மூடிக்கொண்டு நின்றன. விரலால் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு போர்த்திய மாவுப்பூச்சி.

அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "பத்து வருசம் முன்னாடியும் இதேதான் வந்துச்சு. குளவி விட்டாங்க, போயிருச்சு. அந்தக் குளவி இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கும், அது பாத்துக்கும் விடு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2008இல் கோயம்புத்தூர் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, பருத்தி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் ஏறியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பூச்சிக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் அசரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று கொடிகட்டிப் பறந்தது. அந்த நம்பிக்கையில் மூன்று வாரம் சும்மா இருந்தோம். பூச்சி குறையவில்லை, பக்கத்துக் காட்டுக்கும் போனது.

அப்புறம் வழக்கம்போல மருந்துக்கடை. கடைக்காரர் கொடுத்ததை இரண்டு முறை அடித்தேன். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு. மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. அது போதாதென்று பூச்சி இருப்பது மூடிய கொத்துக்குள். செத்தவை எவையென்றால், மாவுப்பூச்சியைத் தின்ன வெளியே சுற்றிக்கொண்டிருந்த பொறிவண்டுகள். அந்த வருசம் கிழங்கு போட்டபோது பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, இறங்கிப்போய், சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்காரர் சொன்ன விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

பூச்சியியல் படிக்கும் தம்பி ஒருவன் ஊருக்கு வந்திருந்தபோது நான்கு நுனியைக் கிள்ளிக்கொண்டுபோய்க் காட்டினேன். பழைய குளவி எங்கே கிடைக்கும் என்றேன். "அண்ணே, இது எந்த மாவுப்பூச்சி?" என்று திருப்பிக் கேட்டான். மாவுப்பூச்சியில் பல வகை உண்டா என்ன?

ஊசிமுனையால் மாவை ஒதுக்கி லென்ஸைக் கையில் கொடுத்தான். உடம்பு ரோஸ் நிறம். பப்பாளிப் பூச்சியென்றால் மஞ்சளாக இருக்குமாம். ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடுமாம். ஒரு புட்டியில் நான்கைந்தைப் போட்டு வைத்தோம். மறுநாள் பார்த்தால் கறுக்கவே இல்லை. அப்படியென்றால் இது, இந்தியாவில் முதலில் 2020இல் திருச்சூரில் பிடிபட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி. அப்பா நம்பியிருந்த குளவிக்கு இது இரையே இல்லை. பப்பாளிப் பூச்சி தவிர வேறெதிலும் அது முட்டை வைக்காது.

இதே தடுமாற்றம் பெரிய ஆட்களுக்கும் வந்திருக்கிறது என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 1970களில் இந்தப் பூச்சி காங்கோ பக்கம் நுழைந்து, ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலங்களை வரிசையாகக் காலி செய்தது. அங்கே கிழங்கு மட்டுமல்ல, இலையும் சாப்பாடு. நைஜீரியாவின் இபாடானில் இருந்த ஆய்வு நிலையத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ்காரர் பூச்சியின் பிறந்த ஊரைத் தேடினார். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் குளவிகளும் கிடைத்தன. ஆனால் அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் எடுபடவில்லை. கூர்ந்து பார்த்தால் இரண்டும் வேறு. தென் அமெரிக்காவில் கிடைத்ததில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு; ஆப்பிரிக்காவில் இருந்தது ஆணே தேவையில்லாமல் பெண்ணாகவே பெருகுவது. தப்பாகக் கிடைத்த அந்தப் பூச்சிக்கு ஹெரன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரியான பூச்சியை 1981இல் பராகுவேயில் கண்டெடுத்தவர் டோனி பெல்லோட்டி என்ற பூச்சியியலாளர். அதன் குளவி அனகைரஸ் லோபெசி, லண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்தபின் அதே வருசம் நைஜீரியாவில் இறங்கியது. பிறகு விமானத்திலிருந்துகூட விட்டார்கள். 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு. அந்தக் குளவியின் வாரிசுகளைத்தான் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெங்களூருவுக்குக் கொண்டுவந்து வளர்த்து, 2022 மார்ச்சில் எங்கள் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

எங்கள் காட்டில் முதல் 'மம்மி'யை நான் பார்த்தது அடுத்த மாசியில். குளவி முட்டை வைத்த மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, மண்பானை மாதிரி இறுகிவிடும். அதன் ஒரு முனையில் வட்டமாக ஓர் ஓட்டை, குண்டூசி குத்தியதுபோல. குளவி வெளியேறிய வழி. பக்கத்திலேயே ஒன்று நடந்துகொண்டிருந்தது, எள்ளைவிடச் சிறியது, கறுப்பு. மாவுப்பூச்சியை உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்தது. பெரிய பூச்சியாக இருந்தால் பெண் குட்டி, சின்னதாக இருந்தால் பெரும்பாலும் ஆண் என்று கணக்குப் பார்த்து முட்டை வைக்குமாம். சிலதைக் குத்தி, கசிகிற சாற்றைக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுமாம். அரைமணி நேரம் குனிந்தே நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த வருசம் பூச்சி குறைந்தது உண்மை. குளவியாலா, இடையில் பெய்த மழையாலா என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம். நல்ல மழை மாவுப்பூச்சியை அடித்துக்கொண்டு போகும்தான். ஆனால் மழை, மம்மியில் ஓட்டை போடாது என்பது என் கட்சி.

போன வாரம் சித்தப்பா வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறைய விதைக்குச்சி இறக்கினார். இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போவதே பெரும்பாலும் குச்சியோடுதான். அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கட்டுக்கட்டாகப் புரட்டினார். கணுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "டேய், அந்த லென்ஸை எடுத்தாடா. மஞ்சளா ரோஸான்னு பாக்கணும்."