யோசனைக் கொப்பியின் ஆறாவது நிரல்

பெரும்போகத்துக்கு முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகள் ஏன் வேலையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்? அங்கே பேசினால் அங்கேயே திகதி விழும். வாய்க்காலில் தண்ணீர் திறப்பது எந்த நாள், விதைப்பை முடிப்பது எந்த நாள், மாடுகளை வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது எந்த நாள். "எங்கட கண்டத்துக்குத் தண்ணி வந்துசேர இன்னும் மூணு நாள் எடுக்கும்" என்று ஒருவர் எழும்பிச் சொன்னால் திகதி தள்ளிப்போகலாம், போகாமலும் விடலாம். எதுவானாலும் அவர் பதிலோடுதான் வீட்டுக்குப் போகிறார்.

அதே ஆள் நெல் ஆலைக்கோ தையல் தொழிற்சாலைக்கோ வேலைக்கு வந்தால் வாய் திறப்பதில்லை. "இவங்களுக்கு யோசனை எண்டு ஒண்டும் இல்ல" என்பார் முதலாளி. யோசனை உண்டு. அதற்குத் திகதி விழாது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதற்கு நிறுவனங்கள் வழமையாகச் செய்வது, வாசலில் பூட்டுப்போட்ட ஆலோசனைப் பெட்டியொன்றை மாட்டுவது. முதல் வாரம் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் விழும். திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் மாதம் திறந்தால் உள்ளே டொபித் தாள்.

பெட்டி ஒன்றும் புதிதல்ல. ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் இருந்த டெனி கப்பல் கட்டும் தளம் 1880இலேயே தொழிலாளரின் கண்டுபிடிப்புகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 1898இல் கொடுத்த முதல் பரிசு இரண்டு டொலர். யோசனை என்ன தெரியுமா? வேலைத்தளத்துக்குள் வெளிச்சம் வர ஜன்னல்களைக் கழுவுங்கள் என்பது! டொயோட்டாவின் எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்காவின் ஃபோர்ட் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்த ஆலோசனைத் திட்டத்தைப் பின்பற்றி 1951இல் டொயோட்டாவும் தனக்கொன்றை ஆரம்பித்தது. நம் நாட்டில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டு அளவில், வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்திருக்கும் '5 எஸ்' என்ற ஜப்பானிய முறையோடு ஊழியர் குழுக்களை வைத்துச் சிறுசிறு திருத்தங்களைச் செய்து காட்டியது. ஜன்னல் கழுவும் அளவு யோசனைக்கும் பதில் சொல்லும் இடத்தில்தான் பெரிய யோசனையும் வரும்.

பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். 200 பக்கம் போதும். இரு பக்கமும் சேர்த்து எட்டு நிரல் கீறவேண்டும்: இலக்கம், சொன்ன திகதி, சொன்னவர், எந்த இடத்தில் என்ன கரைச்சல், பார்க்கிறவர், பதில் சொல்லும் திகதி, பதில், கடைசியில் நடந்தது. ஆறாவது நிரலை யோசனை எழுதும் நேரத்திலேயே, சொன்னவரின் கண் முன்னால் நிரப்ப வேண்டும். அது வெறுமையாக இருந்தால் கொப்பியும் பெட்டிதான், பூட்டு இல்லாத பெட்டி. ஏழு நாளுக்கு மேல் திகதி போடக்கூடாது. ஏழு நாளில் முடிவெடுக்க முடியாத விடயமாக இருந்தாலும், "இது எங்கே நிற்கிறது" என்ற பதிலை ஏழாம் நாள் சொல்லிவிட்டு அடுத்த திகதியை எழுதலாம்.

"யோசனை இருந்தாச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. அப்படிக் கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. வாரத்துக்கு ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். "நேற்று எதைத் தேடி நடந்தீங்க?" "எந்த வேலைய ரெண்டு தரம் செய்ய வேண்டி வந்தது?" "எந்த மூடை கடையில இருந்து திரும்பி வந்தது, ஏன்?" "எந்த இடத்தில கை போகப் பார்த்தது?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் மிகவும் பெறுமதியானவை. ஆனால் அதை முதல் மாதம் கேட்க வேண்டாம். பழி தன் தலையில் விழும் என்ற பயம் தெளிந்த பிறகு கேளுங்கள்.

கேட்பதற்கு வாரத்தில் பத்து நிமிடம், நின்றபடியே, வேலை தொடங்கும் நேரத்தில். செவ்வாயோ புதனோ நல்லது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆட்கள் அவசரப்படுவார்கள். நோன்பு காலத்தில் பின்னேரக் கூட்டம் வைப்பவர் பதிலை எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று, வரிசை. மூத்த காக்கா ஒருவர் முதலில் பேசிவிட்டால் பதினெட்டு வயதுத் தம்பி அதை மறுத்துச் சொல்லமாட்டான்; அது மரியாதை, கோழைத்தனமல்ல. ஆகவே இளையவரிலிருந்து தொடங்குங்கள். பொதி கட்டும் பகுதியில் இருக்கும் பெண்கள் ஆலை ஆண்களுக்கு முன்னால் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண். அவர்களிடம் அவர்களின் பகுதியிலேயே, ஒரு அக்காவோ ராத்தாவோ கொப்பியோடு போய்க் கேட்கட்டும்.

எழுதத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். "எழுதித் தாங்க" என்பது அவர்களுக்கு "சொல்லாதீங்க" என்று கேட்கும். ஒரே ஒரு இலக்கத்துக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், கிளாக்கர் அதைக் கேட்டுச் சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதட்டும். குறூப் வேண்டாம். குறூப்பில் ஒருவர் சொன்னதும் நாலு பேர் சிரிப்புப் படம் போடுவார்கள், அந்த மனிதர் அதற்குப் பிறகு பெருநாள் வாழ்த்து மட்டும்தான் அனுப்புவார். சிங்களம் பேசும் ஊழியர்கள் இருந்தால் அவர்கள் சொன்னதைச் சிங்களத்திலேயே எழுதி, அன்றைக்கே தமிழிலும் எழுதிவையுங்கள்.

பதில் மூன்றே வகை. செய்கிறோம், சோதித்துப் பார்க்கிறோம், செய்யவில்லை. "பார்ப்பம்" என்ற சொல்லை ஏழாவது நிரலில் எழுதக்கூடாது. செய்யவில்லை என்றால் காரணம் வேண்டும். "காசு இல்ல" காரணமல்ல. "இதுக்கு மூணு லட்சம் வேணும், மிச்சம் வாறது மாதம் ஐயாயிரம், போட்ட காசு திரும்பி வர அஞ்சு வருசம்" என்றால் அது காரணம். அதைச் சொன்னவரின் முகத்துக்கு நேரே, முடிவெடுத்தவரே சொல்ல வேண்டும். மறுத்த யோசனைக்குக்கூட மரியாதையான பதில் கிடைத்தால் அதே ஆள் இரண்டாவது யோசனையோடு வருவார்.

ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாத் தீர்மானமும் முதலாளியின் மேசைக்குப் போகக்கூடாது. நடுத்தர ஆலையொன்றுக்கு 5,000 ரூபா வரை சுப்பவைசர், 25,000 வரை முகாமையாளர், அதற்கு மேல் முதலாளி என்ற வரம்பு பொருத்தமாக இருக்கும். தொகையை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றலாம், ஆனால் எழுதி ஒட்டுங்கள். விதிவிலக்கு ஒன்று: மின்சாரம், பெல்ட் மூடிகள், கொதிகலன் ஆகியவற்றைத் தொடும் எந்த யோசனையும், செலவு நூறு ரூபாவானாலும், தெரிந்தவர் பார்க்காமல் சோதனைக்குப் போகக்கூடாது. நீராவிக் கொதிகலன்கள் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பரிசோதனைக்கு உட்பட்டவை. அங்கே நாமாக வால்வை மாற்றி விளையாட இடமில்லை.

சோதிப்பதில்தான் பெரும்பாலான இடங்கள் சறுக்குகின்றன. ஓர் உதாரணம். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பெட்டியைச் சுற்றி நெல் சிந்துகிறது, பழைய பெல்ட் துண்டை வளைத்துப் பூட்டினால் நிற்கும் என்கிறார் கூட்டுகிறவர். உடனே பூட்டாதீர்கள். முதலில் ஆறு நாள், கூட்டி அள்ளியதை நிறுத்து எழுதுங்கள். 108 கிலோ வந்தது என்று வைப்போம், நாளுக்கு 18. பிறகு பூட்டி இன்னும் ஆறு நாள் நிறுங்கள். 30 கிலோ, நாளுக்கு 5. நாளுக்கு 13 கிலோ மிச்சம் என்று கைதட்டத் தோன்றும். அந்த இரண்டு வாரமும் எவ்வளவு நெல் அடித்தீர்கள்? முதல் வாரம் 60 தொன், இரண்டாம் வாரம் மின்வெட்டு, 36 தொன்தான். அப்படியானால் தொன்னுக்கு 1.8 கிலோ சிந்திய இடத்தில் இப்போது 0.83. நாளுக்குப் பத்துத் தொன் அடிக்கும் ஆலைக்கு உண்மையான மிச்சம் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 25 நாளுக்குச் சுமார் 240 கிலோ. அதையும் நெல் விலையால் பெருக்கக்கூடாது. கூட்டி அள்ளியதைக் கோழித்தீனிக்கு விற்றுக்கொண்டுதானே இருந்தீர்கள்? விலை வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். கிலோவுக்கு 60 ரூபா என்று வைத்தால் மாதம் 14,400 ரூபா. பழைய பெல்ட்டுக்கும் நட்டு போல்ட்டுக்கும் அரை நாள் கூலிக்கும் 3,000 போனாலும் நல்ல யோசனைதான். ஆனால் 13 கிலோ என்று பலகையில் எழுதியிருந்தால் மூன்றாம் மாதம் கணக்குப்பிள்ளை அதை உடைப்பார், அதோடு கொப்பியின் மானமும் போகும்.

சம்பா நெல் அடித்த வாரத்தை நாடு நெல் அடித்த வாரத்தோடு ஒப்பிடுவதும் இதே பிழை. ஈரப்பதனும் அப்படி. வெட்டு மெசினில் இருந்து நேரே வரும் நெல் 20 வீதத்துக்கு மேல் ஈரமாக வரலாம், களஞ்சியத்துக்கு 14 வீதம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் எந்த யோசனையும் வெல்லும், எந்த யோசனையும் தோற்கும்.

வேலை செய்கிறவர் மட்டும் அறிந்த விடயம் என்றால் என்ன என்பதற்கு உமி நீக்கும் றப்பர் உருளைகளைச் சொல்லலாம். இரண்டில் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய கால் பங்கு வேகமாகச் சுற்றும். வேகமானது கெதியாகத் தேயும். அதனால் இடைக்கிடை இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஆலையில், உங்களுக்கு வரும் மணல் கலந்த நெல்லுக்கு, எத்தனை மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும் என்பது சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும் மணிக்கணக்கைச் சுவரில் எழுதிவைப்பதே ஒரு புத்தாக்கம். அவர் ஓய்வுபெறும் நாளில் அது அவரோடு வீட்டுக்குப் போகாது.

தையல் பக்கம் வேறு மாதிரி. 1961இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியியலாளர், மின் ஆளிக்குள் இரண்டு ஸ்பிரிங் போட மறக்கும் தொழிலாளருக்கு ஒரு சிறு தட்டைக் கொடுத்தார். முதலில் இரண்டு ஸ்பிரிங்கைத் தட்டில் எடுத்து வை, பிறகு பூட்டு. தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்துவிட்டாய். சட்டைக்கு ஒன்பது பொத்தான் என்றால் ஒன்பதை எண்ணிக் கிண்ணத்தில் போடுங்கள். மருதமுனைக் கைத்தறிக்காரரும் பேக்கரிக்காரரும் தங்கள் வேலைக்கு இதை மாற்றிக்கொள்ளலாம். கவனத்தைக் கூட்டு என்று ஏசுவதைவிடத் தட்டு மலிவு.

தையலில்தான் மிகக் கெட்ட பிழையும் நடக்கிறது. லைனில் ஒரு பிள்ளை வேலையைச் சுருக்கும் வழி சொல்கிறாள், மணிக்கு 60 துண்டு 70 ஆகிறது. அடுத்த திங்கள் டார்கெட் 70. அவளுக்கு என்ன கிடைத்தது? பக்கத்துப் பிள்ளைகளின் கோபம். அந்த லைனில் இருந்து இனி ஒரு சொல் வராது. யோசனையால் கூடிய அளவுக்கு ஆறு மாதமாவது டார்கெட்டை உயர்த்தக்கூடாது, அல்லது கூடியதற்குக் கொடுப்பனவு வேண்டும். அதேபோல யோசனையால் ஓர் ஆளின் வேலை மிச்சமானால் அவரை வேறு பகுதிக்கு மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இதை ஒருமுறை மீறினால் கொப்பியைக் கடையில் கொடுத்துச் சுண்டல் கட்டலாம்.

சுப்பவைசர்மாரின் மனத்தாங்கலும் இருக்கிறது. தன் பகுதியில் இருந்து வரும் ஒவ்வொரு யோசனையும் தனக்கெதிரான முறைப்பாடு என்று அவருக்குப் படும். அவரை மதிப்பிடும்போது எத்தனை யோசனை அவரது பகுதியில் இருந்து வந்து நிறைவேறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பாதி மனத்தாங்கல் தீரும். இன்னொரு கரைச்சல், ஊழியர் சொன்னதைத் தன் பெயரில் மேலே சொல்லும் பழக்கம். சொன்னவரின் பெயர் எழுதும் மூன்றாவது நிரல் அதற்குத்தான்.

பரிசு விடயத்தில், மிச்சத்தில் இத்தனை வீதம் என்று அறிவிக்க வேண்டாம். கணக்குச் சண்டை தொடங்கும், யாருக்கு முதலில் தோன்றியது என்று மச்சானும் மச்சானும் பேசாமல் போவார்கள். நிறைவேறிய ஒவ்வொன்றுக்கும், பெரிதோ சிறிதோ, ஒரே தொகை. 500 ரூபா போதும், அன்றைக்கே கையில் கொடுத்தால். மாத மிச்சத்தில் ஒரு பங்கை அந்தப் பகுதிக்கே சாப்பாடாகவோ பணமாகவோ கொடுங்கள். உண்மையிலேயே கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கது வந்தால் கதை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் உரிமை தொழில்தருநருக்கு. ஆனால் அதன் பெறுமதி எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான கொடுப்பனவு பெறும் உரிமையும் உண்டு. இதை முன்னரே எழுதி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

கிளைகள் இருந்தால் லொறிச் சாரதியை மறக்காதீர்கள். எந்தக் கடையில் எந்த மூடை பிரிந்தது, எந்தக் கடைக்காரர் எதைத் திட்டினார் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும். அவர் திரும்பியதும் இரண்டு கேள்வி கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிளையில் வென்ற யோசனையை மற்றக் கிளைக்கு அனுப்பும்போது ஒரு பக்கத்தில் முன்-பின் படம், அளவு, செலவு, யோசனைக்காரரின் தொலைபேசி இலக்கம் (அவரது விருப்பத்தோடு). "இதைச் செய்க" என்று உத்தரவிட்டால் செய்து பழுதாக்கிக் காட்டுவார்கள். அந்த ஊழியரையே ஒரு நாள் அனுப்பினால் செய்து முடித்துவிட்டு வருவார்.

கடைசியாகக் காலம். வேளாண்மை வெட்டு நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் ஆலையில் எதையும் சோதிக்க நேரமிருக்காது, ஆனால் கரைச்சல்கள் முழுவதும் அப்போதுதான் வெளியே வரும். அந்த இரு மாதமும் எழுதுவது மட்டும். ஏழாம் நாள் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த திகதி போடும்போது "வெட்டு முடிஞ்ச பிறகு" என்று எழுதாமல், ஏப்ரலில் ஒரு நாளைக் குறியுங்கள். சிறுபோக நெல் வர முன்னர் சோதனைகளை முடிக்கலாம். செய்யவில்லை என்று மறுத்தவற்றை மார்கழியில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். மூன்று லட்சம் என்று தள்ளிவைத்த மெசின் இரண்டாம் கையாக ஒன்றரைக்கு வந்திருக்கும்.