கட்டில் கழற்றும் காலம்

8 அக்டோபர் 2019, செவ்வாய்

எங்கள் மால்மோவில் பிறந்த கால்பந்து வீரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சுக்குச் சிலை. சின்னவனோடு திறப்புக்குப் போய் வந்தேன். ஸ்டேடியம் பக்கம் நிற்கவே இடமில்லை. தோளில் தூக்கும் வயதை அவன் எப்போதோ தாண்டிவிட்டான், பதினொன்று ஆகிறது. சைக்கிள் நிறுத்தும் கம்பியின் மேல் ஏற்றிவிட்டு, விழாமலிருக்கப் பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். துணி விலகியதும் ஒரே கத்தல். 2.7 மீட்டர் உயரம், அரை டன் வெண்கலம். சட்டை இல்லாமல், இரண்டு கையையும் விரித்து, "வா, பார்த்துக்கலாம்" என்பதுபோல் நிற்கிறார் ஸ்லாட்டன். நிஜ ஸ்லாட்டனும் அங்கேதான் இருந்தார். இவன் என்னவோ ஆளைவிடச் சிலையைத்தான் அதிகம் பார்த்தான்.

"இந்தக் குளிரில் சட்டை இல்லாமல் எப்படிடா?" என்றேன்.

"அம்மா, அது சிலைம்மா."

திரும்பும் வழியெல்லாம் கணக்குதான். தேசிய அணிக்கு 116 ஆட்டம், 62 கோல், கோல் கணக்கில் சுவீடனில் வேறு யாரும் பக்கத்தில்கூட இல்லை. ஸ்லாட்டன் வளர்ந்த ரோசன்கோர்ட் பகுதியின் பாலத்தைத் தாண்டும்போது, "பெரியவனானாலும் நான் இங்கேதான் இருப்பேன்" என்றான். இன்று சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வாய் வரவில்லை.

19 அக்டோபர்

இன்றும் சொல்லவில்லை.

2 நவம்பர், சனி

லீக் முடிந்தது. யூர்கோர்டன் 66 புள்ளி, நம் மால்மோ 65, ஹம்மர்பியும் 65. ஒரே ஒரு புள்ளி. வான நீல மஃப்ளரைக் கழுத்திலிருந்து எடுக்காமலே படுத்துக்கொண்டான். முதலிடமும் மூன்றாமிடமும் ஸ்டாக்ஹோம் அணிகள். "எனக்கு அந்த ஊரே பிடிக்காது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் இவன் அப்பாவிடம் போனில் சொன்னேன், இந்த வாரம் சொல்ல வேண்டாம் என்று.

9 நவம்பர்

அவர் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில், பருப்பும் சோறும் தட்டில் இருக்கும்போதே போட்டு உடைத்துவிட்டார். "அப்பாவுக்கு அங்கேயே நிரந்தரமாகிவிட்டது. வீடும் கிடைத்துவிட்டது. ஜனவரியில் போகிறோம்." ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல்.

பெரியவள் என்னைப் பார்த்தாள். சின்னவன் "எத்தனாம் தேதி?" என்று மட்டும் கேட்டான். ஏழு. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

14 நவம்பர்

லாஸ் ஏஞ்சலஸ் அணியை விட்டுவிட்டாராம் ஸ்லாட்டன். 58 ஆட்டத்தில் 53 கோல் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். வயது 38. அடுத்து எங்கே என்று உலகமே கேட்கிறது. எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசாததால் இந்தச் செய்தியும் வாசலிலேயே நின்றுவிட்டது.

பள்ளிச் சமையலறையில் இன்று மீன் கட்லெட், உருளைக்கிழங்கு. ஒரு பையன் மூன்றாவது முறை தட்டை நீட்டினான். பக்கத்தில் நின்றவள் முகம் சுளித்தாள். நான் போட்டேன். வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் இப்படிச் சில பிள்ளைகள் வருவார்கள். வார இறுதிக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். இன்று வியாழன்தான், இருந்தும் வந்தான். இந்த ஊரின் மிகப் பெரிய ஆளான ஸ்லாட்டனும் அப்படி ஒரு பிள்ளைதான். அம்மா யூர்கா குரோஷியாக்காரி, துப்புரவு வேலை. அப்பா ஷெஃபிக் போஸ்னியாவிலிருந்து வந்தவர். இவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் பிரிந்துவிட்டார்கள். அப்பா வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தால் பீர் இருக்கும், தின்ன ஒன்றும் இருக்காது என்று சுயசரிதையில் சொல்கிறார். கோல் கதையெல்லாம் எனக்கு மறந்துவிடும். அந்தக் குளிர்பெட்டி மட்டும் மறக்கவே இல்லை.

21 நவம்பர்

நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அட்டைப் பெட்டி பதினைந்து வாங்கினேன், போதாது.

27 நவம்பர், புதன்

நேற்று ஸ்லாட்டனின் இன்ஸ்டாகிராமில் ஹம்மர்பியின் பச்சை வெள்ளைச் சட்டை ஒன்று. முதுகில் அவர் பெயர். சின்னவன் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா விளையாடுகிறார்" என்றான், இரண்டு வாரத்துக்குப் பிறகு வாய் திறந்து. இன்று உறுதியாகிவிட்டது. ஆட்டக்காரராக அல்ல, பங்குதாரராக. ஹம்மர்பியில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஸ்காண்டிநேவியாவிலேயே பெரிய அணியாக்கப் போகிறாராம். பிறந்த ஊர்க்காரனை ஸ்டேடியம் வாசலில் நிற்க வைத்து ஐம்பது நாள்தான் ஆகிறது.

ராத்திரி பெரியவள் போனைக் காட்டினாள். சிலைக்குத் தீ வைத்திருக்கிறார்கள். தலையில் பிளாஸ்டிக் பை. விரித்த கையில் கழிப்பறை மூடி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். பெரியவளும் சிரித்தாள். சின்னவன் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்த போஸ்டரைக் கிழியாமல், நாலு முனையிலும் நகத்தால் நெம்பி எடுத்து, குப்பைப் பையில் செருகினான். 2012-இல் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த அந்த அந்தரத்துக் கோல். அன்றைக்கு நாலும் அவரே போட்டார், 4–2. அப்போது இவனுக்கும் நாலு வயது. இவன் அப்பா தூக்கத்திலிருந்து தூக்கி வந்து டிவி முன்னால் காட்டினார்.

எல்லோரும் தூங்கிய பிறகு போஸ்டரை எடுத்து என் மெத்தைக்குக் கீழே வைத்தேன்.

28 நவம்பர்

மால்மோ 4, டைனமோ கீவ் 3. கடைசி நிமிடக் கோல். கீழ்வீட்டுக்காரர் சுவரில் இடித்தார், சந்தோஷத்தில்தான்.

30 நவம்பர்

காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிலையைப் பார்க்கப் போனேன். புகை படிந்த வெண்கலம், மேலே ஸ்ப்ரே பெயிண்ட். சுற்றிப் பத்துப் பேர் போன் வைத்துக்கொண்டு. ஸ்டாக்ஹோமில் அவர் வீட்டுக் கதவில் யூதாஸ் என்று எழுதியிருக்கிறார்களாம்.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, அதுதான் சிக்கல். ஸ்லாட்டன் சின்னப் பையனாக மால்மோ கிளப்பில் ஆடியபோது, கூட ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அவரை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். 1999-இல் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, அறுபது வருடத்துக்கு மேல் நடக்காத அவமானம். மறு வருடம் 12 கோல் போட்டு மேலே ஏற்றிவிட்டவர்களில் இவரும் ஒருவர். 2001-இல் அயாக்ஸுக்கு விற்றபோது 80 மில்லியன் குரோனருக்கு மேல் வந்தது. சுவீடனில் அதுவரை எந்த ஆட்டக்காரனுக்கும் வராத காசு. அப்போது யாருக்கும் துரோகம் நினைவுக்கு வரவில்லை.

அதே நேரம், பிழைப்புக்குப் போய் ஆடுவது வேறு, எதிரி வீட்டில் பங்கு வாங்குவது வேறு. அதையும் ஒரு சட்டைப் படம் போட்டுச் சொல்வதா?

நாங்கள் மட்டும் என்ன, பருப்புச் சோற்றுக்கு நடுவில் சொன்னவர்கள்தானே.

3 டிசம்பர்

பயிற்சியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். ஊர் மாறுவதை இன்றுதான் அணியில் சொன்னானாம். எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் என்றதும் ஒருவன் யூதாஸ் என்றானாம், பிறகு எல்லோரும். என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஜோக்மா." சாப்பிடவில்லை. ஷூவில் ஒட்டிய மண்ணைப் பால்கனியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுரண்டினான்.

அவருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

4 டிசம்பர்

அந்தப் பையனின் அம்மாவைக் கடையில் பார்த்தேன். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

8 டிசம்பர், ஞாயிறு

குரோன்மன்ஸ் தெருவரை நடந்தேன். ஸ்லாட்டன் பெயரில் அங்கே ஒரு சிறிய மைதானம் உண்டு, 2007-இல் திறந்தது. சின்னவன் பந்து உதைக்கக் கற்றதும் அங்கேதான். மழையிலும் ஆறேழு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், சுற்றி அடுக்குமாடிகள். ஒரு மாடியிலிருந்து ஓர் அம்மா எந்த மொழியிலோ கூப்பிட்டாள். ஒரு பையன் காதில் விழாததுபோல் இன்னும் இரண்டு முறை பந்தைத் தட்டினான். மூன்றாவது கூப்பிடலில் ஓடினான்.

யூர்கா மரக்கரண்டியால் அடிப்பாராம். அடித்துக் கரண்டி உடைந்தால், புதுக் கரண்டி வாங்கிவர அடிவாங்கிய பிள்ளையையே கடைக்கு அனுப்புவாராம். முதல் முறை படித்தபோது என் அம்மாவின் தோசைக்கரண்டி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அது இரும்பு, உடைய வழியில்லை.

12 டிசம்பர்

கோபன்ஹேகனிலேயே போய் ஜெயித்துவிட்டோம், 1–0. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், டென்மார்க்கில், சத்தமே இல்லையாம். இவன் இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

15 டிசம்பர்

பெட்டி 22. சமையலறை முடிந்தது, இட்லித் தட்டு தவிர.

22 டிசம்பர், ஞாயிறு

சிலையின் மூக்கை அறுத்துவிட்டார்கள். வெள்ளிப் பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள். முகத்தின் நடுவில் ஓர் ஓட்டை. அந்த மூக்கைத்தான் கார்ட்டூன் போடுகிறவர்களெல்லாம் வரைவார்கள். அதைப் பார்த்துத்தான் இவன் சின்ன வயதில் சுவரெல்லாம் ஸ்லாட்டன் கிறுக்கினான்.

சின்னவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது ரொம்ப அதிகம்" என்றான். முதல் முறையாக.

24 டிசம்பர்

அந்த மூக்கு இப்போது எங்கே இருக்கும்? யாருடைய மேசை டிராயரில்? இங்கே இன்றுதான் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், ஊரே கடையடைத்து வீட்டுக்குள் இருக்கிறது. ஏதோ ஒரு வீட்டில் பன்றித்தொடைக்கும் மீன் ஊறுகாய்க்கும் பக்கத்தில் ஒரு வெண்கல மூக்கு.

27 டிசம்பர்

ஸ்லாட்டன் இத்தாலியின் மிலான் அணிக்கே திரும்பிப் போகிறார். 2012-இல் விட்டுப்போன இடம். ஆறு மாத ஒப்பந்தம். ஏழு வருடம் கழித்து ஓர் ஊர் வாசலைத் திறந்துவைத்துக் கூப்பிடுகிறது, இன்னோர் ஊர் மூக்கை அறுக்கிறது. அவர் வாயும் சும்மா இருக்காது என்பது வேறு விஷயம். அடக்கமாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. பேசியிருந்தால் ரோசன்கோர்ட்டிலிருந்து வெளியே வந்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

இவன் அப்பா லீவில் வந்துவிட்டார். அப்பாவும் மகனும் ஒரே அறையில் பெட்டி கட்டுகிறார்கள். டேப் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

2 ஜனவரி 2020

கட்டிலைக் கழற்றும் வேலை. போன முறை வீடு மாறியபோது கழற்றி மாட்டியதில் இரண்டு திருகு ஏற்கெனவே வழுக்கிவிட்டது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். சின்னவன், "இதுதான் வேண்டும்." அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. லாரியில் இடம் எவ்வளவு, காசு எவ்வளவு, யார் தூக்குவது.

நான் நடுவில் போய், ஸ்லாட்டனின் அப்பா கதையைச் சொன்னேன். மகனுக்கு இகியாவில் கட்டில் வாங்கினார் ஷெஃபிக். வாங்கியதோடு கையிலிருந்த காசு தீர்ந்தது, வீட்டுக்குக் கொண்டுவரும் கூலிக்கு இல்லை. அதனால் முதுகில் தூக்கிக்கொண்டே நடந்தார், கிலோமீட்டர் கணக்கில். மகன் பின்னாலேயே பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். குடிப்பார், பல நாள் மகன் பக்கமே திரும்ப மாட்டார், அதெல்லாம் உண்மை. ஆனால் கட்டிலைத் தூக்கினார்.

அவர் என்னைப் பார்த்தார். "நான் என்ன குடிக்கிறேனா?" என்றார். சின்னவன் சிரித்துவிட்டான். மூக்கு வழியாகத் தண்ணீர் வரச் சிரித்தான். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று தெரியவில்லை, எனக்கும் வந்துவிட்டது.

கட்டில் வருகிறது.

4 ஜனவரி

என் மெத்தையைத் தூக்கும்போது போஸ்டர் கீழே விழுந்தது. சின்னவன்தான் எடுத்தான். விரித்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் அறைக் கண்ணாடியை அதில் சுற்றி டேப் ஒட்டினான்.

5 ஜனவரி, ஞாயிறு

நேற்று ராத்திரியோடு சிலை விழுந்துவிட்டது. கணுக்காலோடு அறுத்திருக்கிறார்கள். படத்தில் குப்புற, சுற்றியிருந்த வேலியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கையை இன்னும் விரித்தபடிதான்.

"போய்ப் பார்க்கலாமா?" என்று அவன்தான் கேட்டான். அவரும் வந்தார். நாங்கள் போவதற்குள் எடுத்துப்போய்விட்டார்கள். வேலி, ஈரத்தரை, ஒரு டிவிக்காரர். ஒரு வயதானவர் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, "நல்லதாப் போச்சு" என்று சுவீடிஷில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு பெண் அழுதுகொண்டிருந்தாள். சின்னவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அரை டன். எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும்? எவ்வளவு நேரம் அறுத்திருப்பார்கள்? அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லையா?

பஸ்ஸில் அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

6 ஜனவரி, திங்கள்

விடுமுறை. டிவியையும் கட்டிவிட்டதால் பெரியவளின் லேப்டாப்பைப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தோம். மிலான், சம்ப்டோரியா. 55-ஆவது நிமிடத்தில் ஸ்லாட்டன் இறங்கினார், முதுகில் 21. அரங்கமே எழுந்து நின்றது. கோல் ஒன்றும் விழவில்லை, 0–0. கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறார்.

"அங்கேயும் இவரை ஒருநாள் திட்டுவார்கள்" என்றான் சின்னவன்.

"திட்டட்டும்" என்றார் அவர்.

7 ஜனவரி

லாரி எட்டு மணிக்கு. கட்டில் திருகுகளை ஒரு பையில் போட்டு வைத்தேன். அந்தப் பையைக் காணோம்.